வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பள்ளிக் கல்வித் துறையினருக்கு,

வணக்கம். புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்து, மாலை வேளைகளில் எங்கள் தெருப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்க வைத்தவள். அந்தப் பிள்ளைகளின் வீடுகளுக்குள்ளும் போய் வருகிறவள் என்பதால் என் கண்ணில் படுகிற ஒரு விஷயத்தை உங்கள் காதில் போட வேண்டும் என்று தோன்றியது. பிள்ளைக்குப் படிக்கக் கற்றுக்கொடுக்க ஆசிரியருக்கு எத்தனையோ பயிற்சி கொடுக்கிறீர்கள், பிள்ளைக்குப் பயிற்சி நூல் கொடுக்கிறீர்கள். ஆனால் பள்ளி விட்ட பிறகு அந்தப் பிள்ளையோடு இருக்கிற ஆளுக்கு, அது அம்மாவோ அப்பத்தாவோ அண்ணனோ யாராக இருந்தாலும், என்ன செய்யலாம் என்று யாரும் உட்கார்ந்து சொல்லிக் காட்டுவதே இல்லை. அதைச் செய்யுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நீங்கள் செய்ததை நான் மறக்கவில்லை. கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. அதற்கு முன்பே அக்டோபர் கடைசியில் இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கினீர்கள். 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது, 8 வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் 2025க்குள் பிழையில்லாமல் படிக்க, எழுத, கணக்குப் போட வேண்டும் என்று இலக்கு வைத்தீர்கள். வகுப்பறையில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கு ஏற்றபடி பாடம் நடக்கிறது. 2023இல் வாசிப்பு இயக்கம் வந்து நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகச் சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்தன, அவற்றைப் பார்த்து எனக்கே சந்தோஷமாக இருந்தது. இவ்வளவும் நல்ல வேலைதான். ஆனால் இவ்வளவும் பள்ளியின் வாசலோடு நின்றுவிடுகிறது. ஒரு அம்மாவிடம் போய் "உங்க பையன் மொட்டுல இருக்கானா மலர்ல இருக்கானா" என்று கேட்டுப் பாருங்கள், அப்படி ஒன்று இருப்பதே பல பேருக்குத் தெரியாது. இது புதிதும் இல்லை. அட்டைகளை வைத்துப் பிள்ளை தானே செய்து படிக்கிற செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்த காலத்திலும் அந்த அட்டைகளெல்லாம் பள்ளியிலேயே இருந்தன, வீட்டுப்பாடம் இல்லை, பிள்ளை என்ன படிக்கிறது என்று வீட்டில் இருப்பவர்களுக்குப் புரியவில்லை, அதனாலேயே அந்தத் திட்டத்தின் மேல் பெற்றோருக்கு நம்பிக்கை வராமல் போனது என்று நான் நினைக்கிறேன்.

பிள்ளை படிப்பில் பின்தங்குகிறது என்று தெரிந்தால் அம்மாவுக்கு வருகிற ஒரே செய்தி "வீட்டுல கொஞ்சம் உட்கார வச்சு சொல்லிக்கொடுங்க" என்பதுதான். எதை, எப்படி, எவ்வளவு நேரம் என்று கிடையாது. அந்த அம்மா என்ன செய்வார்? தனக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தார்களோ அதைத்தான் செய்வார். அ, ஆ, இ, ஈ என்று ஆரம்பித்து 247 எழுத்தையும் வரிசையாக எழுதச் சொல்வார், க வரிசை முடித்தால்தான் ங வரிசை, அதில் ஒன்று தப்பினால் தலையில் ஒரு குட்டு. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மாதக்கணக்கில் ஙெ, ஙே, ஙை என்று எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த எழுத்துகளில் பெரும்பாலானவை எந்தப் புத்தகத்திலும் அதற்கு எதிர்ப்படப் போவதில்லை. அந்த நேரத்தில் ப, ட, ம, க, ல, ர என்று பத்துப் பன்னிரண்டு எழுத்தையும் அவற்றின் துணைக்காலையும் புள்ளியையும் வைத்துக்கொண்டு படம், பட்டம், மரம், கல், பால், கால் என்று வார்த்தையாகவே படிக்க ஆரம்பித்திருக்கலாம். உங்கள் பாடநூல்களே எழுத்தை இப்படிச் சொல்லோடும் படத்தோடும்தான் கொண்டுபோகின்றன. ஆசிரியருக்கு இது தெரியும், வீட்டுக்குத் தெரியாது. பகலில் ஒரு வழியில் போகிற பிள்ளை மாலையில் வேறு வழியில் இழுபடுகிறது, அப்புறம் "மண்டையில ஏறல" என்று பேர் வாங்குகிறது.

இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். உங்கள் சுற்றறிக்கைகளில் "பெற்றோர்" என்று எழுதுகிறீர்கள், எங்கள் ஊரில் பாதி வீட்டில் பெற்றோர் பகலிலோ மாலையிலோ இல்லை. அப்பா சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார், சில வீட்டில் அப்பாவும் அம்மாவும் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருப்பார்கள். பிள்ளையைக் குளிப்பாட்டி, சோறு போட்டு, பள்ளிக்கு அனுப்பி, ராத்திரி பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்கிறவர் அப்பத்தாவோ அம்மாச்சியோதான். கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றிச் சொல்லும்போதே பெற்றோர் அல்லது பாதுகாவலர் என்றுதான் சொல்கிறது. ஆனால் கூட்டத்துக்குப் பாட்டி வந்தால் "அம்மாவை வரச் சொல்லுங்க" என்று திருப்பி அனுப்புகிற இடங்களும் இருக்கின்றன. வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் இந்தப் பாட்டிகளில் பல பேர் சாதாரண ஆட்கள் இல்லை.

புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் உங்களுக்கு நினைவிருக்கும். 1991, 92இல் கல்குவாரியிலும் வயலிலும் பகலெல்லாம் வேலை பார்த்த பெண்கள் ராத்திரி விளக்கடியில் கூடி எழுத்து கற்றார்கள், அதோடு நிற்காமல் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டு ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்தார்கள், நாடே திரும்பிப் பார்த்தது. அன்று இருபது, இருபத்தைந்து வயதில் இருந்தவர்கள்தான் இன்று பேரப்பிள்ளைகளை வளர்க்கிறார்கள். அவர்களில் பலருக்கு இப்போது கையெழுத்துப் போட மட்டும் தெரியும், மற்றதெல்லாம் மறந்து போனது. மறந்ததற்கு அவர்கள் காரணம் இல்லை. கற்றுக்கொண்ட பிறகு படிப்பதற்கு வீட்டில் ஒரு தாள் இல்லை, படித்துத் தீர வேண்டிய தேவையும் அன்றாடத்தில் வரவில்லை. அந்தப் பெண்களை, பேரனோடு சேர்ந்து ஒரு படக்கதைப் புத்தகத்தின் முன்னால் உட்கார வைத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு அப்பத்தா, பேத்தி எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது கூடவே வாயசைத்து, சில சமயம் பேத்திக்கு முன்பே வார்த்தையைச் சொல்லிவிடுகிறார். அந்தப் பேத்திக்குப் போட்டி வந்துவிட்டது, இப்போது தினமும் புத்தகம் கேட்கிறாள்.

"எனக்கு எழுத்தே தெரியாது, நான் என்னத்தச் சொல்லிக்கொடுக்க" என்று பல அம்மாக்கள் சொல்கிறார்கள். இந்தக் கூச்சத்தை முதலில் போக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. எழுத்து தெரியாதவரால் செய்ய முடிகிற காரியம் நிறைய இருக்கிறது. பிள்ளை படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது முதல் காரியம். கேட்பது என்றால் செல்போனைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளையின் விரல் எந்த வார்த்தையின் கீழே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு கேட்பது. படம் இருந்தால் முதலில் படத்தைப் பற்றிப் பேசலாம்: இது யாரு, இந்தப் பொண்ணு ஏன் மரத்துமேல ஏறி உட்கார்ந்திருக்கு, அடுத்து என்ன ஆகும்னு நினைக்கிற. பிள்ளை திக்கினால் உடனே பாயாமல் ஒரு நாலைந்து நொடி பொறுத்திருக்கலாம், தானாகவே கண்டுபிடித்துவிடும், இல்லாவிட்டால் தெரிந்தவர் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு மேலே போகலாம். படித்து முடித்ததும் புத்தகத்தை மூடி வைத்து "இப்ப எனக்குக் கதையா சொல்லு" என்று கேட்கலாம். கதை சொல்லத் தெரியவில்லை என்றால் பிள்ளை வெறுமனே எழுத்தைத்தான் உச்சரித்திருக்கிறது, பொருள் போய்ச் சேரவில்லை என்று எழுத்தே தெரியாத பாட்டிக்குக்கூடத் தெரிந்துவிடும். "இந்த வார்த்தை இந்தப் பக்கத்துல இன்னொரு இடத்துல இருக்கா, காட்டு" என்று கேட்டால் அதையும் சரிபார்க்கலாம், இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்கக் கண் போதும். ஒரே புத்தகத்தைப் பிள்ளை திரும்பத் திரும்பக் கேட்டால் "அதான் நேத்தே படிச்சியே" என்று பிடுங்கக் கூடாது, அப்படிப் படிக்கும்போதுதான் வேகமும் தைரியமும் வருகின்றன.

படிக்கிற பொருளுக்கும் எங்கேயும் போக வேண்டாம். எண்ணெய் பாக்கெட், தீப்பெட்டி, ரேஷன் கடைப் பலகை, பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயர், சுவரெழுத்து, கோயில் திருவிழா நோட்டீஸ். கல்யாணப் பத்திரிகையைவிட நல்ல வாசிப்புத் தாள் எங்கள் வீடுகளில் கிடையாது. மாமா பேர் எங்கே, சித்தப்பா பேர் எங்கே என்று தேடச் சொன்னால் பிள்ளைகள் விடாமல் படிக்கும், தன் பேர் அதில் அச்சாகியிருந்தால் கேட்கவே வேண்டாம். அப்புறம் விளையாட்டு. "ஓடுற நரியில ஒரு நரி கிழநரி", "யாரு தச்ச சட்டை, தாத்தா தச்ச சட்டை" என்று நாக்குப் புரளச் சொல்லிப் பழகுவதும், விடுகதை போடுவதும், ஒரு சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்குவதும் படிப்புக்குச் சம்பந்தமில்லாத பொழுதுபோக்கு என்று வீட்டில் நினைக்கிறார்கள். சொல்லுக்குள் இருக்கும் ஒலியைப் பிரித்துக் கேட்கிற காது உள்ள பிள்ளைக்குத்தான் எழுத்து சீக்கிரம் பிடிபடும், அந்தக் காதைத் தயார் செய்வது இந்த விளையாட்டுகள்தான். இதை ஒரு ஆசிரியர் வாயால் சொன்னால் அம்மாக்கள் நம்புவார்கள், நான் சொன்னால் சிரிக்கிறார்கள்.

படிக்கத் தெரிந்தவர் வீட்டில் ஒருவர் இருந்தால், அது ஏழாம் வகுப்பு அக்காவாக இருந்தாலும் சரி, சின்னப் பிள்ளைக்குச் சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். இதற்குத் தமிழில் ஒரு தனிக் காரணம் இருக்கிறது. பிள்ளை வீட்டில் கேட்டு வளர்ந்தது "மழ பேஞ்சுச்சு, ஆடு நனஞ்சுபோச்சு". புத்தகம் சொல்வது "மழை பெய்தது, ஆடு நனைந்துவிட்டது". எழுத்துக்கூட்டிச் சரியாகவே படித்தாலும், வாயில் வந்த சொல் அதுவரை காதில் விழாத சொல்லாக இருந்தால் பிள்ளைக்குத் தான் படித்தது சரியா என்று தெரிவதில்லை, அதனால் நிமிர்ந்து நம் முகத்தைப் பார்க்கிறது. புத்தக நடை முன்பே காதில் ஏறியிருந்தால் பாதியைப் படிக்கும்போதே மீதி வாய்க்கு வந்துவிடும். படித்துக்காட்ட ஆளில்லாத வீட்டுக்கு நீங்கள்தான் குரல் அனுப்ப முடியும். ஒரு சின்னக் கதை, நல்ல நிதானமான குரலில், மூன்று நிமிடம், வாட்ஸப்பில். செல்போன் அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கிறது.

வாட்ஸப் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வகுப்புக் குழுக்களில் செய்தியெல்லாம் எழுத்தாகத்தான் வருகிறது, அதுவும் சில சமயம் ஆங்கிலத்தில். எழுத்துத் தெரியாத அம்மாவுக்கு, பிள்ளையைப் படிக்க வையுங்கள் என்று எழுத்தில் அனுப்புவதில் என்ன பயன் இருக்கிறது? குரல் செய்தியாகப் போடச் சொல்லுங்கள். வாரம் ஒரு குரல் செய்தி, ஒரே ஒரு வேலை, இந்த வாரம் இதைச் செய்து பாருங்கள் என்று. பத்து யோசனையை ஒரே தடவை கொட்டினால் ஒன்றும் நடக்காது.

எங்கே தடுக்கும் என்பதையும் வீட்டுக்குச் சொல்லி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாத் தடுமாற்றமும் சோம்பேறித்தனமாகத்தான் அவர்களுக்குத் தெரிகிறது. கொ என்ற எழுத்தைப் பாருங்கள். கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, ஆனால் வாய் முதலில் சொல்ல வேண்டியது க் என்ற ஒலி, அப்புறம் துணைக்காலையும் பார்த்துவிட்டுத்தான் அது கெ இல்லை கொ என்று முடிவு செய்ய முடியும். ஆறு வயதுப் பிள்ளைக்கு இது லேசான வேலை இல்லை. அதே மாதிரி பக்கம், பகல், தங்கம் மூன்றிலும் இருப்பது க வரிசைதான், மூன்றிலும் ஒலி வேறு. தனித்தனியாகக் கூட்டும் பிள்ளை பகல் என்பதைப் பக்கல் மாதிரிச் சொல்லிவிட்டு முழிக்கும், "சேர்த்துச் சொல்லு, ராத்திரிக்கு எதிர் என்ன" என்று ஒரு துப்புக் கொடுத்தால் முகம் மலர்ந்துவிடும். ல, ள, ழ விஷயத்தில் பெரியவர்களே தடுமாறுகிற ஊர் நம்முடையது, அதற்காகப் பிள்ளையை அடிக்காதீர்கள் என்று மட்டுமாவது சொல்லுங்கள்.

எழுதுவதைப் பற்றி. எங்கள் வீடுகளில் நல்ல நோட்டு என்றால் குண்டு குண்டான கையெழுத்தில் பக்கம் நிறைந்த நோட்டு. அதில் இருப்பதெல்லாம் பார்த்து எழுதியது. பார்க்காமல் சொந்தமாக இரண்டு வரி எழுதச் சொன்னால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட உறைந்துபோகிறது, ஏனென்றால் தான் நினைத்ததை எழுதலாம் என்று யாரும் அதனிடம் சொல்லவில்லை. வீட்டில் செய்ய முடிகிற எழுத்து வேலை வேறு மாதிரி இருக்கலாம்: கடைக்குப் போகும்போது சாமான் சீட்டு எழுதுவது, அப்பாவுக்குச் செய்தி அனுப்பும்போது கடைசி வரியைப் பிள்ளை தட்டுவது, அப்பத்தா சொன்ன கதையை அப்பத்தா பேசின மாதிரியே எழுதி வைப்பது. அப்பத்தா பேச்சில் எழுதினால் பிழை வரும், வரட்டும். தொடக்கத்தில் பிள்ளை காதுக்குக் கேட்டபடி எழுதுவது குற்றமில்லை, ஒலியையும் எழுத்தையும் பொருத்திப் பார்க்கிறது என்று அர்த்தம். ஒரு பக்கத்தில் பதினைந்து பிழை இருந்தால் ஒன்றையோ இரண்டையோ எடுத்துப் பேசினால் போதும், பதினைந்தையும் சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்தால் அடுத்த முறை அந்தப் பிள்ளை எனக்குத் தெரிந்த நாலு வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று முடிவு செய்துவிடும். இம்போசிஷன் இன்னும் நடக்கிறது, வீட்டிலும் டியூஷனிலும். தப்பாக எழுதிய சொல்லைப் பத்து முறை எழுதச் சொன்னால் பத்தாவது முறையும் தப்பாகவே எழுதிய பிள்ளைகளை ஆசிரியர்களும் பார்த்திருப்பார்கள்.

இப்போது எனக்கு நெஞ்சு அடைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சின்னப் புத்தகங்கள் பிள்ளைகளின் வீட்டுக்குப் போக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் அழகான கதைப் புத்தகங்கள் பீரோவுக்குள் பூட்டியே இருந்தன, தணிக்கை நாளில் எண்ணிக் காட்டுவதற்காக. அந்தத் தலைமையாசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன். இருப்புப் பதிவேட்டில் இத்தனை என்று இருந்தால் அத்தனையும் இருக்க வேண்டும், ஒன்று கிழிந்தாலோ தொலைந்தாலோ பதில் சொல்ல வேண்டியது அவர், அந்தப் பயத்தில் பூட்டி வைக்கிறார். வீட்டுக்குப் போகிற புத்தகம் கிழியும், அதில் குழம்பு சிந்தும், தங்கச்சிப் பாப்பா ஒரு பக்கத்தைக் கசக்கும். கிழிந்த புத்தகம் படிக்கப்பட்ட புத்தகம். படித்துக் கிழிந்தவற்றைப் பதிவேட்டிலிருந்து நீக்கிக்கொள்ளலாம், அதற்காக யாரையும் பணம் கேட்கக் கூடாது, விளக்கம் கேட்கக் கூடாது என்று ஒரு தெளிவான ஆணை போடுங்கள். இதற்குப் புதிய நிதிகூட வேண்டாம். வெள்ளிக்கிழமை ஒரு புத்தகம் வீட்டுக்கு, திங்கட்கிழமை திரும்ப. இந்த மடலில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்று நீங்கள் சொன்னால் நான் இதைத்தான் கேட்பேன்.

உங்கள் துறைக்குள்ளேயே எல்லாம் இருக்கிறது என்பதுதான் எனக்கு ஆதங்கம். தொடக்கக் கல்வி இயக்ககம் உங்களுடையது. பள்ளிசாரா மற்றும் வயதுவந்தோர் கல்வி இயக்ககமும் உங்களுடையது, எழுத்தறியாப் பெரியவர்களுக்கு வகுப்பு நடத்துவது அவர்கள்தான். பொது நூலக இயக்ககமும் உங்களுடையது. 1948இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம், அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டி வருகிறோம். பேரன் ஒரு இயக்ககத்தில் படிக்கிறான், அவனுடைய அப்பத்தா இன்னொரு இயக்ககத்தின் முதியோர் வகுப்பில் பெயர் கொடுத்திருக்கிறார், ஊர்ப்புற நூலகம் மூன்றாவது இயக்ககத்தின் கீழ் இருக்கிறது, மூன்றும் ஒரே தெருவில் இருந்தும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்வதில்லை. முதியோர் வகுப்பில் அப்பத்தாவுக்குக் கொடுக்கிற பாடத்தில் பேரனோடு சேர்ந்து படிக்கிற ஒரு கதை இருக்கட்டும். நூலகர் மாதம் ஒரு முறை ஒரு பை நிறையப் புத்தகத்தோடு பள்ளிக்கு வரட்டும், பிள்ளையின் பெயரிலேயே உறுப்பினர் அட்டை கொடுக்கட்டும்.

இதனால் ஒரே வருடத்தில் அதிசயம் நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பீகாரிலும் ராஜஸ்தானிலும் அம்மாக்களுக்கு எழுத்து வகுப்பு, வீட்டில் பிள்ளைக்கு உதவுவது எப்படி என்ற பயிற்சி, இரண்டும் சேர்த்து என்று மூன்று விதமாகச் செய்து பார்த்து ஆராய்ந்திருக்கிறார்கள். பிள்ளைகளிடம் தெரிந்த முன்னேற்றம் சிறியதுதான், அதுவும் கணக்கில். ஆனால் அம்மாக்களே மொழியிலும் கணக்கிலும் முன்னேறினார்கள், பிள்ளையின் படிப்பில் முன்னைவிட அதிகமாக ஈடுபட்டார்கள். எனக்கு அதிலிருந்து புரிவது, அம்மாவை வரவழைத்து வகுப்பு எடுத்தால் மட்டும் போதாது, அவர் கையில் புத்தகமும் இருக்க வேண்டும், பள்ளியில் நடப்பதும் வீட்டில் நடப்பதும் ஒன்றோடு ஒன்று ஒட்ட வேண்டும்.

கூட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டம் சொல்கிறது, நல்ல சட்டம். ஆனால் வேலை நாள் பிற்பகலில் கூட்டம் வைத்தால் நூறு நாள் வேலைக்கோ நடவுக்கோ போன பெண் அன்றைய கூலியை விட்டுவிட்டு வர முடியாது. வந்தாலும் பேசுவது கழிப்பறை, சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி. அவையும் வேண்டும்தான். அதில் இருபது நிமிடம் எடுத்து ஒரு ஆசிரியர் ஒரு பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படிச் சேர்ந்து படிப்பது என்று எல்லார் முன்னாலும் செய்து காட்டட்டும். சொன்னால் மறந்துவிடும், பார்த்தால் வீட்டில் செய்வார்கள். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் கூடுகிற இடத்துக்கு நீங்கள் போகலாம். கிராம சபை வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது, அவற்றில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் விடுமுறை நாள்தான், எல்லாரும் ஊரில் இருப்பார்கள். அங்கே பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் படித்துக் காட்டினால் ஊரே கேட்கும்.

ஆங்கில வழி விஷயத்தில் பெற்றோரைக் குழப்பத்தில் விடாதீர்கள். அரசுப் பள்ளியிலேயே ஆங்கில வழி வந்த பிறகு, வீட்டில் இங்கிலீஷில் பேசினால்தான் பிள்ளை முன்னேறும் என்று அம்மாக்கள் பயப்படுகிறார்கள், தெரியாத மொழியில் நாலு கட்டளை மட்டும் போட்டுவிட்டு மற்ற நேரம் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். தெரிந்த மொழியில் நிறையப் பேசுங்கள், கதை சொல்லுங்கள், முதலில் தமிழில் படிக்கட்டும், படிக்கிற வித்தை ஒரு மொழியில் கைவந்தால் அடுத்த மொழிக்கும் உதவும் என்று நீங்கள் உறுதியாகச் சொல்ல வேண்டும். செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் வந்திருக்கிற ஒடியா, இந்தி பேசும் குடும்பங்களுக்கும் இதேதான், அந்த அம்மா தன் மொழியில் கதை சொல்லட்டும், அதைப் பள்ளி மதிக்கட்டும்.

இவ்வளவு செய்தும் சில பிள்ளைகளுக்கு எழுத்து பிடிபடாது. சில பேருக்குக் கண்ணாடி போட்டால் சரியாகிவிடும், கரும்பலகையே தெரியாமல் இரண்டு வருடம் உட்கார்ந்திருப்பார்கள். சில பேருக்கு டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு இருக்கலாம். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள் என்பது பல அம்மாக்களுக்குத் தெரியாது, அவர்கள் மந்திரிக்கப் போகிறார்கள். அந்த மையத்தின் எண்ணைப் பிள்ளையின் பயிற்சி நூலின் பின்னட்டையிலேயே அச்சடித்துவிடுங்கள்.

ஜூனில் பள்ளி திறக்கும்போது எப்படியும் ஒரு சுற்றறிக்கை அனுப்புவீர்கள். அதில் புத்தகம் வீட்டுக்குப் போகலாம், கிழிந்தால் கேள்வி இல்லை என்ற வரியைச் சேருங்கள். முதல் பருவம் முடிவதற்குள் ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு முறை, மாலை ஆறு மணிக்கு மேல் அல்லது ஒரு ஞாயிற்றுக்கிழமையில், பாட்டிகளையும் சேர்த்து அழைத்து ஒரு வாசிப்புக் கூட்டம் நடத்தச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர் வர முடியாவிட்டால் எங்களைப் போன்ற தன்னார்வலர்களைக் கேளுங்கள், நாங்கள் எடுத்து நடத்துகிறோம், பாய் விரிக்க, ஆட்களைக் கூப்பிட, பிள்ளைகளைத் தயார் செய்ய எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறோம். எங்கள் ஒன்றியத்தில் முதலில் செய்து பார்க்க நினைத்தால் தேதியை மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர் ஒருவர்
புதுக்கோட்டை மாவட்டம்